கட்டியைப் பிள்ளை என்றவள்

என் பிள்ளைகள் இதை வேறு மாதிரி கேட்டு வளர்ந்தவர்கள். அம்மாவுக்குச் சின்ன வயதில் வயிற்றில் பெரிய கட்டி வந்தது, ஊரே கர்ப்பம் என்று நினைத்தது, மருத்துவச்சிக்குக்கூடத் தெரியவில்லை, மதுரையில் ஆபரேஷன் செய்து பிழைத்தாள். இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. அதில் மருத்துவச்சிக்குத் தெரியவில்லை என்கிற இடம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

கல்யாணமாகி ராசிங்காபுரத்துக்கு வந்தபோது எனக்கு வயது பதினேழு. வீட்டில் மூன்றே பேர். நான், கணவர், அவருடைய அம்மா. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கணவருக்கு ஊரில் கொஞ்சம் வயலும் போடிமெட்டுக்கு மேலே ஒரு சின்ன ஏலத்தோட்டமும் இருந்தன. மாதத்தில் பாதி நாள் மலையில் இருப்பார். இறங்கி வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், வயலுக்குப் போவார். பேச்சு என்பது அவருக்குச் செலவு மாதிரி.

நான்கு வருடம் பிள்ளை இல்லை. அதை மறைக்கவும் வழியில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் தூரமானால் மாட்டுக் கொட்டத்தை ஒட்டிய சாய்ப்பில் மூன்று நாள் உட்கார வேண்டும். தனிப்பாய், தனித்தட்டு. சாய்ப்பு தெருவைப் பார்த்து இருந்தது. தண்ணீருக்குப் போகிறவள், சாணி பொறுக்குகிறவள், எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ‘இந்த மாசமும் இல்லையா’ என்று வாய்விட்டுக் கேட்கிறவர்கள்கூட எனக்குப் பரவாயில்லை. கேட்காமல் ‘ச்சு’ கொட்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் கல்லெடுத்து எறிய வேண்டும் போலிருக்கும்.

நான்காவது வருடம் தேவாரத்தில் இருந்த அத்தையின் அண்ணன் மகளைப் பற்றி வீட்டில் பேச்சு அடிபட ஆரம்பித்தது. என் காதில் விழும்படிதான் பேசினார்கள். பெண் வயதுக்கு வந்து இரண்டு வருடமாகிறது, கைகால் திடமாக இருக்கிறாள் என்று. எனக்கு அம்மா இல்லை. அப்பா சித்தியோடு கம்பத்துப் பக்கம் இருந்தார். திரும்பிப் போக வாசல் கிடையாது.

அப்படி இருக்கும்போது ஒரு மாசியில் நான் சாய்ப்புக்குப் போகவில்லை. பங்குனியிலும் போகவில்லை. நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாய்ப்பு காலியாக இருப்பதைப் பார்த்தே தெரு கணக்குப் போட்டுவிட்டது. பங்குனிக் கடைசியில் அத்தை அந்தத் தனிப்பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். ‘முழுகாம இருக்கா’ என்று அண்ணன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். தேவாரத்துப் பேச்சு நின்றுபோனது.

சித்திரையில் எனக்கு மறுபடியும் வந்துவிட்டது.

கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சேலையைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அத்தை அப்போது எனக்காகப் புளிப்பு மாங்காயை உப்புப் போட்டுப் பிசறிக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் எனக்கென்று அவர் செய்த முதல் காரியம் அது. நான் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து அந்த மாங்காயைத் தின்றேன்.

அதன்பிறகு மாதா மாதம் மறைத்தேன். பழஞ்சேலையைக் கிழித்து வைக்கோல் படப்புக்குள் சொருகி வைத்திருந்தேன். வாய்க்காலில் ஆள் வருவதற்கு முன்னால் போய் அலசிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த மூன்று நாளும் அடுப்படிக்குப் போனேன், விளக்கேற்றினேன், குலசாமி கோயிலுக்குக்கூடப் போய் நின்றேன். இன்றைக்கு என் பேத்தி இதைக் கேட்டால் சிரிப்பாள். அன்றைக்கு நான் சாமியை நிமிர்ந்து பார்க்காமல்தான் நின்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முழுக்க முழுக்கத் தெரிந்தே ஏமாற்றினேன் என்று சொல்ல முடியாது. வயிறு உண்மையிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. கர்ப்பத்திலேயே சிலருக்குத் தீட்டு படும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் பிள்ளைதான் என்று தோன்றும், மறுநாள் இல்லை என்று தோன்றும். ஆனால் கணவர் மலையிலிருந்து வாழைச்சீப்பும் தேனும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘சாப்பிட்டியா’ என்று கேட்கத் தொடங்கியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் நம்பத் தயாராக இருந்தேன்.

மருத்துவச்சி ஆனி மாதத்திலிருந்து வந்தார். ஊர்க் கடைசியில் தனியாக இருந்த விதவை. ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தி எடுத்தவர். இப்போது மரியாதையாக எழுதுகிறேன். அன்றைக்கு என்னைவிட இருபது வயது மூத்தவரை நான் ‘வா, போ’ என்றுதான் பேசினேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். அவர் என்னைத் ‘தாயி’ என்பார்.

விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிப் பார்ப்பார். முதல் இரண்டு தடவை ஒன்றும் சொல்லவில்லை. ஆடியில் ஒருநாள் வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். அத்தை மோர் எடுக்க உள்ளே போயிருந்தார்.

“பிள்ள துள்ளுதா தாயி?” என்று கேட்டார்.

“துள்ளுது.”

“எந்தப் பக்கம்?”

எனக்குத் தெரியவில்லை. வலது பக்கம் என்றேன். அவர் கையை அங்கே வைத்துக்கொண்டே இருந்தார்.

“தீட்டு கீட்டுப் பட்டுச்சா? எங்கிட்ட மறைக்காத ஆத்தா. எனக்கு மனசு ஒப்பல.”

“உன் சோலி எண்ணெய் தடவுறது. அத மட்டும் பாரு” என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. ஆவணியில் எனக்கு வளைகாப்புக்கு நாள் பார்த்தபோது அத்தையிடம் நயமாகப் பேசினார். வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது, ஒருதடவை போடியில் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று. அத்தை பயந்துவிடக்கூடாதே என்று, ‘ரெட்டையா இருந்தாலும் இருக்கும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அத்தையின் காதில் அந்த ஒரு வார்த்தைதான் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க எனக்கு இரட்டைப் பிள்ளை. போடிக்குப் போவோமா என்று அத்தை என்னைக் கேட்டபோது, ஆசுபத்திரி என்றாலே பயமாக இருக்கிறது என்று அழுதேன். அழுகை உண்மை. காரணம் வேறு. டாக்டர் கேட்பார், பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழு வகைச் சோறு கிளறியிருந்தார்கள். பிள்ளை இல்லாத ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டாள். என் ராசி அவளுக்கும் வரட்டுமாம். அன்றைக்கு எனக்குத் தூரம், இரண்டாம் நாள். கூடத்தின் ஓரத்தில் மருத்துவச்சி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசிவரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஐப்பசி முடிந்தது. கார்த்திகையும் பாதி போனது. பத்து மாதம் தாண்டிவிட்டது, வலி இல்லை. வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனது. படுத்தால் மூச்சு முட்டியது. ஒருநாள் மழைக்கு விறகை உள்ளே எடுத்து வைக்கும்போது அடிவயிற்றில் யாரோ பிடித்து முறுக்கினாற்போல ஒரு வலி. கீழே விழுந்து வாந்தி எடுத்தேன். பிரசவ வலி என்று அத்தை குலவை போட்டார். மருத்துவச்சி ஓடி வந்து ஒரே ஒருதடவை கை வைத்துப் பார்த்துவிட்டு, “வண்டியப் பூட்டச் சொல்லுங்க. வெரசா” என்றார்.

போடி டாக்டர் அன்றே மதுரைக்கு அனுப்பினார். சேதி கேட்டுக் கணவர் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி நேராக ரயில் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்துகொண்டார். மருத்துவச்சியை அத்தைதான் கூட வரச் சொன்னார். ரயிலில் வலி வரும்போதெல்லாம் மருத்துவச்சியின் மடியில்தான் தலையை வைத்துக்கொண்டேன்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா. திரைக்குப் பின்னால் என்னைப் படுக்க வைத்து மேலே தட்டிப் பார்த்தார், உள்ளே விட்டுப் பார்த்தார், படம் எடுத்தார்கள். பிறகு மூன்று பேரையும் என் கட்டிலருகே கூப்பிட்டுச் சொன்னார்.

“இது குழந்தை இல்லைம்மா. சினைப்பையில் நீர்க்கட்டி. ரொம்பப் பெரிசா வளர்ந்து முறுக்கியிருக்கு. அறுத்து எடுத்தாகணும்.”

அத்தைக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, “மாசா மாசம் தீட்டு வந்துச்சா?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை பதில் சொன்னார். தை மாதத்தோடு சரி, அதற்குப் பிறகு முழுகவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். டாக்டரம்மா மறுபடியும் என்னையே பார்த்தார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

டாக்டரம்மா போனதும் அத்தை மருத்துவச்சி பக்கம் திரும்பினார். வார்டில் பத்துக் கட்டில் இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். நீயெல்லாம் ஒரு மருத்துவச்சியா, மாதக்கணக்காகத் தடவிப் பார்த்தாயே, ரெட்டை என்றாயே, வளைகாப்பு வரைக்கும் கொண்டுவந்து என் குடும்பத்தை ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே என்று கேட்டார். நான் எழுதுவதைவிட மோசமான வார்த்தைகள் சொன்னார். கடைசியில் அழுதுகொண்டே, “கட்டியப் பிள்ளன்னு சொன்னவ, இனி எவ வீட்டு வாசலையும் நீ மிதிக்கப்பிடாது” என்றார்.

மருத்துவச்சி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இதில் இன்னொரு அசிங்கம். திட்டி முடித்த பிறகும் அத்தை அவரை ஊருக்கு அனுப்பவில்லை. என் மலஜலம் எடுக்க ஆள் வேண்டியிருந்தது. அவரும் இருந்தார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா தனியாக வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளதைச் சொன்னால்தான் அறுக்கிற எனக்கு நல்லது, உனக்கும் நல்லது, வெளியே போகாது என்றார். சொல்லிவிட்டேன். சித்திரையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் உயிருக்கு வேண்டும் என்றதும் உண்மை எவ்வளவு லேசாக வெளியே வந்தது என்று எனக்கே ஆச்சரியம். முந்தின நாள் அதே உண்மை இன்னொருத்தியின் பிழைப்புக்கு வேண்டியிருந்தது, அப்போது வரவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டார். எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் தலையை இரட்டைச் சடையாக இறுக்கிப் பின்ன வேண்டும் என்று நர்சு சொல்லிவிட்டுப் போனாள். அத்தை சாமி கும்பிடக் கோயிலுக்குப் போயிருந்தார். கணவர் கையெழுத்துப் போடப் போயிருந்தார். மருத்துவச்சிதான் பின்னினார். சிக்கெடுக்கும்போது வலிக்காமல் இருக்க முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு வாரினார். செத்துவிடுவேனோ என்று பயந்து நான் அழுதேன். இதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதும் எனக்குப் பெரிய பயம் அது இல்லை.

“தீட்டு வந்தத அத்தைகிட்ட சொல்லிராத” என்றேன்.

அவர் சடையை முடிச்சுப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“நான் எதுக்குச் சொல்றேன். நான் சொன்னா, தப்பிக்கிறதுக்காகச் சொல்றான்னு சொல்லுவாக. நீ பொழச்சு வா தாயி. வந்து ஒரு வார்த்தை நீயே சொல்லிப்புடு. எனக்கு இந்தக் கை ஒண்ணுதான் இருக்கு.”

“சொல்லிர்றேன்” என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்.

மேசையில் கிடத்தி மூக்கின் மேல் மூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். கண் விழித்தபோது வாய் வறண்டு கிடந்தது, வயிறு தட்டையாக இருந்தது. கட்டியை ஒரு வாளியில் வைத்து அத்தையிடம் காட்டினார்களாம். வாளி நிறைய இருந்ததாம். அத்தை அதைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு பக்கத்துச் சினைப்பை நன்றாக இருக்கிறது, குழந்தை பிறக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கணவர் என் கட்டிலருகே நின்றார். “உசுரு மிஞ்சுச்சே, அது போதும்” என்றார். தேவாரத்துப் பெண் பேச்சு வந்தபோதே அம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரியும். அதுவரை நான் கேட்டதில்லை, அவராகச் சொல்கிற ஆளும் இல்லை. எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ அது நடக்கப்போவதே இல்லை என்று தெரிந்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அவர் முகத்தில் இருந்த பரிவைப் பார்த்தேன். அது போய்விடுமே என்று விழுங்கிவிட்டேன்.

தையல் பிரிக்கும்வரை மருத்துவச்சி கூட இருந்தார். ஒருநாளும் நினைவுபடுத்தவில்லை.

ஊருக்கு வந்ததும் சொல்லலாம் என்று வைத்தேன். புண் ஆறட்டும் என்று வைத்தேன். பொங்கல் கழியட்டும் என்று வைத்தேன். அதற்குள் ஊர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. ‘கட்டியைப் பிள்ளை என்றவள்’ என்று குழந்தைகள்கூடச் சொன்னார்கள். பிரசவத்துக்கு வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். எங்கள் தெருவில் ஒருத்திக்குக் குழந்தை திரும்பியிருந்தபோதுகூட அவரைக் கூப்பிடவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அன்றைக்கு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த வருடம் மலைக்கு ஏலக்காய் எடுக்க ஆள் ஏற்றிய ஜீப்பில் அவரும் ஏறிப்போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நிம்மதிதான். இனி வழியில் எதிரே வரமாட்டார் அல்லவா.

மூன்று வருடம் கழித்து எனக்குப் பெண் பிறந்தது, போடி ஆசுபத்திரியில். அவளுக்கு ஒரு வயதானபோது கணவர் எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பக்கத்து எஸ்டேட் ஸ்டோரில் மருத்துவச்சி வேலை செய்கிறார் என்று ஆட்கள் பேசியது காதில் விழுந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக நடந்து போனேன்.

ஏலக்காய் உலர்த்துகிற சூடும் புகையுமாக இருந்தது ஸ்டோர். வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர். முடி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து, “வா தாயி, சாயா குடிக்கிறியா?” என்று மலையாளத்து ஆட்கள் போலக் கேட்டார். குழந்தையை வாங்கித் தலையைத் தடவினார், விலாவைத் தடவினார், காலை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

“யாரு எடுத்தா?”

ஆசுபத்திரியில் என்றேன். நல்லது என்றார்.

வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றும் ஞாபகம் இல்லை. அவரை அக்கா என்று கூப்பிட்டேன், வாழ்க்கையில் முதல்தடவையாக. நான்தான் பொய் சொன்னேன், நீங்கள் அன்றைக்கே சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள், நான்தான் உங்களைக் கெடுத்தேன் என்று அழுதுகொண்டே கொட்டினேன். அவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. குழந்தையை என் இடுப்பில் திருப்பி வைத்தார்.

“இத எங்கிட்ட எதுக்குத்தா சொல்ற?” என்றார். “எனக்குத்தான் தெரியுமே.”

சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளத் தொடங்கினார். நான் குழந்தையோடு வந்த வழியே திரும்பினேன்.

மறுநாள் வீட்டுக்கு இறங்கினோம். அத்தை வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார். கணவரும் பக்கத்தில்தான் நின்றார். இரண்டு பேரும் என் பதிலுக்காக நின்றார்கள்.

“ஸ்டோர்ப் பொக அத்தை” என்றேன்.